கரடிக்குக் கொண்டுபோன டோனட்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே பெரிய ற போடுவது, எங்கே சின்ன ர போடுவது என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பேக்கரியில் தட்டுத் தூக்கித் தூக்கி விரல்களும் தடித்துப்போய்விட்டன; பேனை வழுக்குகிறது. வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் கதிரை அடுக்குகிற இடத்தில் நிற்கத்தான் பிடிக்கும். அதனால் எழுதுகிறேன்.

என் மாமா, அதாவது மனைவியின் தகப்பனார், இந்தத் தை மாதம் காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு, எங்கள் வழக்கப்படி, அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டுப் புத்தகம் ஒன்று அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுத்தோம். அதில் அவருடைய கரடிக் கதையும் நாலு வரியில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த நாலு வரிக்குள் அடங்காத ஒன்று உண்டு. அது தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர்தான். ஒருவர் சொல்ல மாட்டார். மற்றவன் நான்.

மாமா வன்னிக்காரர். காட்டை ஒட்டிய கிராமம். முப்பது வயதளவில் ஒரு கரடி அவருடைய முகத்தின் இடது பக்கத்தைக் கொண்டுபோய்விட்டது. இடது கண் இல்லை. கன்னம் உழுது விட்ட நிலம் மாதிரி இருக்கும். மேலுதட்டில் ஒரு துண்டு இல்லாததால் இரண்டு பல் எப்போதும் வெளியே தெரியும். ஊரில் எல்லாரும் பார்த்துப் பழகின முகம் என்பதால் அங்கே அவர் அதை மறைத்ததில்லை. மகன் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட்ட பிறகுதான் துவாய் வந்தது. மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்ற ஒரு சின்னப் பிள்ளை, இவரைக் கண்டு தாயின் காலைக் கட்டிப்பிடித்து அழுதது. அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவர் குளியலறையில் தொங்கிய துவாயை எடுத்துத் தலையைச் சுற்றி, முகத்தின் பாதியை மூடினார். பிறகு எங்களுக்கு முன்னாலும் எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவார்.

இந்த நாட்டில் அவருக்குப் பிடித்தது பனிக்காலம். எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு போகிற காலம் அது. மற்ற வயதானவர்கள் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் கிடக்க, மாமா தை மாதத்தில் மல்வேர்ன் முழுக்க நடப்பார். வெயில் வந்து மற்றவர்கள் எல்லாம் வெளியே வர, அவர் உள்ளே போய்விடுவார்.

மனைவியின் தமையனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் அஜக்ஸில் வீடு வாங்கி இருந்தார். கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அவரைப் பற்றி எங்கள் சனத்துக்குள் ஒரு கதை உண்டு. எட்டு வயதில் பாலைப்பழம் வேண்டும் என்று அடம்பிடித்து அழுதாராம். அவருக்குப் பறிக்கக் காட்டுக்குப் போன இடத்தில்தான் மாமாவைக் கரடி அடித்தது. நான் பெண் பார்க்கப் போன நாளிலேயே எனக்கு இதைச் சொன்னார்கள். கனடாவுக்கு வந்த பிறகும் கதை விடவில்லை. பிறந்தநாள் விழாவில் யாராவது ஒருவர் சாப்பாட்டுக் கோப்பையும் கையுமாக நின்று, அத்தானுக்குக் கேட்கும்படியே சொல்லுவார்: "பாவம் மனிசன். உவனுக்குப் பழம் புடுங்கப் போய்த்தானே உந்தக் கோலம்."

அத்தான் சிரித்துக்கொண்டு விலகிப் போவார். ஆனால் அவருடைய பிள்ளைகள் ஏதாவது கேட்டு அழத் தொடங்கினால், என்ன விலை என்று பார்க்காமல் வாங்கிக் கொடுத்துவிடுவார். அதைக் கண்டபோதுதான் அந்தக் கதை அவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

அவருடைய தொழிற்சாலையில் வேட்டைக்குப் போகிற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். வடக்கே மலைப்பக்கத்தில் கரடி வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற வழிகாட்டி இருக்கிறார், குடும்பமாகவே போய்த் தங்கலாம் என்று அவர் சொன்ன நாளிலிருந்து அத்தானுக்கு வேறு நினைவில்லை. ஒரு கரடியைச் சுட்டுத் தகப்பனின் காலடியில் போட வேண்டும். அப்போதுதான் தன் நெஞ்சில் இருப்பது இறங்கும் என்று நம்பினார். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துவக்குக்கும் வேட்டைக்கும் அனுமதி எடுத்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடை அது. எங்கள் குசினியில் வந்து நின்று செய்தியைச் சொன்னார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்," என்றாள் என் மனைவி. "இவர் இஞ்ச துவக்கு வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறார்."

"சோதனை பாஸ் பண்ணி எடுத்தனான். களவாயே வாங்கினனான்?"

"கரடி உங்களுக்கு என்ன செய்தது?"

"எனக்கோ? ஐயான்ர முகத்தைப் போய்ப் பாரடி."

அடுத்த அறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "நான் வாறன். எங்கையெண்டாலும் உந்தச் சுவரை விட்டுத் தூரமாக் கொண்டு போங்கோ."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீரும் வாரும். ஐயாவோட நிக்க ஒராள் வேணும்."

ஓம் என்றேன். யார் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்வது என் பழக்கம்.

அந்த ஓமோடு எனக்கு இன்னொரு வேலையும் வந்தது. கரடியை அங்கே தேடிப் போய்ச் சுடுவதில்லையாம். காட்டுக்குள் ஓரிடத்தில் பீப்பாய் கட்டி, இனிப்பான சாப்பாட்டைப் போட்டு, கரடியைப் பழக்கி வைத்திருப்பார்களாம். பழைய பாண், டோனட் ஏதாவது கொண்டு வந்தால் நல்லது என்று வழிகாட்டி தொலைபேசியில் சொன்னாராம். நான் வேலை செய்த பேக்கரியில் விற்காத டோனட் நாள்தோறும் குப்பைக்குப் போகும். ஆனால் அதை மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டுமே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் நானாக எதையும் கேட்டதில்லை. நான் சொல்லப்போகும் ஆங்கிலத்தை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கேட்டபோது அவர் எதற்கென்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு பெரிய பை நிறையத் தந்துவிட்டார்.

ஆவணிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். அத்தான் வான் ஓட்டினார். நான் முன்னால். மாமா பின்னால், டோனட் பைகளோடு. வான் முழுக்கச் சீனி மணம். அவருக்கோ சீனி வருத்தம். மனைவி குளிசைகளைத் தாளில் மடித்துத் தந்திருந்தாள். இனிப்புக் காட்டக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் இருந்து வடக்கே திரும்பும்போது பின்னால் பை சரசரத்தது.

"ஐயா, என்ன செய்யிறியள்?" என்றார் அத்தான் கண்ணாடியைப் பார்த்து.

"பழுதாப் போச்சோ எண்டு பாக்கிறன்."

"பாத்திட்டியளோ?"

"நல்லாத்தான் கிடக்கு."

கொஞ்சத் தூரம் போக மறுபடியும் சரசரப்பு. இந்த முறை கேட்க முதலே பதில் வந்தது. "உள்ளுக்குப் பழப்பாகு வைச்சது வேறயெல்லோ. அதையும் பாக்கத்தானே வேணும்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வீதியைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது துவாயின் ஓரமெல்லாம் வெள்ளைச் சீனித் தூள். இன்னொன்றும் செய்திருந்தார். இருக்கைக்குக் கீழே கிடந்த வெறும் பெட்டி ஒன்றைத் தட்டித் துடைத்து, நசியாத டோனட்டுகளாகத் தெரிந்தெடுத்து அதில் அடுக்கிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு வீட்டை போறம். அந்த வீட்டு மனிசியின்ர கையில சாக்கோடயே குடுக்கிறது?"

அப்போதுதான் விளங்கியது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று நாங்கள் கொண்டு போகிற பண்டம் என்று இரண்டு பையையும் அவர் நினைத்திருக்கிறார். கரடிக்கு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். அவர் அவ்வளவு பக்குவமாக அடுக்குவதைப் பார்த்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

சட்பரி நகரத்தையும் தாண்டிப் போனோம். அத்தான் மலை என்றுதான் சொல்லியிருந்தார். தலையை நிமிர்த்திப் பார்க்கிற மலை இல்லை. பாறையும் காடுமாக ஏறி ஏறி இறங்குகிற நிலம். அதற்குள் அங்கங்கே கறுத்த தண்ணீர். வழிகாட்டி ஒரு பெண். அறுபது வயது இருக்கும். உயரம். மரவீட்டு வாசலில் நின்று எங்கள் மூவருக்கும் கை தந்தார். மாமாவின் துவாயைக் கண்டதும், காயமா என்று கேட்டார். அத்தான் கரடி என்று சொன்னார். மற்றவர்கள் என்றால் ஐயோ என்பார்கள், அல்லது வேறு பக்கம் பார்ப்பார்கள். அந்த மனிசி, "பார்க்கலாமா?" என்று கேட்டார். அத்தான் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

மாமா அந்த மனிசியைப் பார்த்தார். பிறகு துவாயை இறக்கினார். வெளிச்சத்தில், ஒரு வேற்று ஆளுக்கு முன்னால், நான் கண்ட அளவில் அதுதான் முதல் தடவை. அந்த மனிசி கிட்டே வந்து கன்னத்துக் கோடுகளைப் பார்த்து, எந்த மாதிரிக் கரடி, எவ்வளவு பெரிசு, எந்தக் கையால் அடித்தது என்று கேட்டார். வண்டியில் தட்டுப்பட்ட இடத்தைப் பார்க்கிற மெக்கானிக் மாதிரி. மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. தன் கரடி கறுப்பு, உதடு நீண்டது, நெஞ்சில் வெள்ளை வளையம் இருக்கும் என்று கையால் கீறிக் காட்டினார். துவாயைத் திரும்பக் கட்ட மறந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பெட்டியை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்த மனிசி பெரிய நன்றி சொல்லி வாங்கினார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். ஒன்றாம் தரம் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த வாளிக்குள் பெட்டியோடு கவிழ்த்தார். மேலே பழைய கொழுப்பெண்ணெயை ஊற்றித் தடியால் கிண்டினார்.

மாமாவின் இரண்டு கையும் நீட்டினபடியே நின்றன. "என்ன செய்யிறா?" என்றார் என்னிடம்.

"கரடிக்கு, மாமா."

"எது?"

"டோனட் எல்லாம் கரடிக்குத்தான். அதை வைச்சுத்தான் கூப்பிடுறது."

"கூப்பிட்டு?"

நான் அத்தானைப் பார்த்தேன். மாமா அத்தான் பக்கம் திரும்பினார். "சாப்பாடு வைச்சுக் கூப்பிட்டு, திண்டுகொண்டிருக்கேக்கை சுடுறதோ?"

"இஞ்ச அப்பிடித்தான் ஐயா. சட்டமே அப்பிடித்தான்."

"ம்," என்றார். வாளியை எட்டிப் பார்த்தார். "அந்தப் பழப்பாகு வைச்சதும் போச்சு."

அடுத்த நாள் பின்னேரம் காட்டுக்குள் போனோம். மாமா மரவீட்டில் நிற்கலாம் என்று அத்தான் சொல்ல, அவர் கேட்கவில்லை. காட்டுக்குள் இறங்குகிற இடத்தில் நின்று, பச்சைக் கொப்பு ஒன்றை முறித்து இன்னொரு கிளையில் கொழுவினார். வன்னியில் காடு போகிறவர்கள் ஐயனாருக்கு அப்படித்தான் குழை போடுவார்கள். அந்த மனிசி என்னவென்று கேட்க, அத்தானுக்கு வெட்கம். சும்மா, வழி தெரிய என்று சொல்லிவிட்டார். அந்த மனிசியும் ஒரு கொப்பை முறித்துப் பக்கத்தில் கொழுவினார்.

பாறை ஒன்றின் பின்னால் கிளைகளைச் சாய்த்து மறைப்புக் கட்டியிருந்தது. நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் இடித்துக்கொண்டு இருந்தோம். முன்னால் பள்ளத்தில், மரத்தோடு சங்கிலியால் கட்டிய பீப்பாய். கதைக்கக் கூடாது, இருமக் கூடாது. எனக்கு அது சிரமமில்லை. என் வாழ்க்கையே அப்படித்தான்.

வெயில் மரங்களின் உச்சிக்குப் போன நேரம் அது வந்தது. வந்த சத்தமே இல்லை. பார்த்தபோது நின்றது. நான் நினைத்த அளவு பெரிசில்லை. பீப்பாய்க்கு முன்னால் ஒரு ஆள் மாதிரிக் குந்தி இருந்து, கையை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. அவசரமே இல்லை. இதற்கு முன்னும் பல நாள் அங்கே அப்படி இருந்து தின்றிருக்கிறது என்று தெரிந்தது.

நான் கரடியை விட்டு மாமாவைப் பார்த்தேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அவருடைய ஒற்றைக் கண் கரடியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய வாயும் கொஞ்சம் அசைந்தது.

வழிகாட்டி அத்தானின் தோளைத் தொட்டார். வெடித்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. கரடி எழும்பி, பற்றைக்குள் கொஞ்சத் தூரம் ஓடி, சரிந்து விழுந்தது. வழிகாட்டி எங்களைப் பொறுக்கச் சொல்லி, பிறகுதான் கூட்டிப் போனார்.

அத்தான் தகப்பனின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கரடிக்குப் பக்கத்தில் விட்டார். அவருடைய குரல் எட்டு வயதுப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "பாருங்கோ ஐயா. முடிஞ்சுது. நல்லாப் பாருங்கோ."

மாமா குந்தினார். கரடியின் வாயோரத்தில் சிவப்பு. இரத்தம் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பழப்பாகு. பல்லுக்குள் பாதி டோனட் அப்படியே இருந்தது. விழுங்க நேரம் கிடைக்கவில்லை. மாமா அதை மெல்ல வெளியே எடுத்துப் புல்லில் வைத்தார்.

"வாய் நிறையச் சாப்பாடு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அத்தான் அவர் இன்னும் ஏதாவது சொல்லுவார் என்று நின்றுகொண்டே இருந்தார்.

தோலை உரித்து இறைச்சியை எடுத்து வைத்தபின், வழிகாட்டி ஒரு துண்டைத் தந்து சமைக்கச் சொன்னார். மனைவி ஜாம் போத்தலில் கட்டித் தந்த கறித்தூளைப் போட்டு மாமாவே சமைத்தார். மேசையில் நாலு பேரும் இருந்தோம். அத்தான் சாப்பிடவில்லை. வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் தன் கதையைச் சொன்னார். எனக்குப் பாதி விளங்கியது. எட்டு வயது, பழம் கேட்டு அழுதேன், எனக்காகப் போனார், என்னால்தான் அந்த முகம். அவர் அதைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களிடம் சொல்ல முடியாததை எங்கள் மொழி தெரியாத ஆளிடம்தான் சொல்ல முடிந்தது போல.

அந்த மனிசி மாமா பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டார். அத்தான் தமிழில் சொன்னார்: "கரடி வரேக்கை நீங்கள் என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள் எண்டு கேக்கிறா."

மாமா கோப்பையைத் தள்ளி வைத்தார். "நிக்கேல்லை. இருந்தனான்."

"மரத்திலையெல்லோ நிண்டனீங்கள்?"

"மரத்தில ஏறிக் கொப்பை முறிச்சு விழுத்திப்போட்டு இறங்கிட்டன். கீழ இருந்து திண்டுகொண்டிருந்தனான்."

"எனக்குப் புடுங்கினதையோ?"

"உனக்குக் கொஞ்சம் மடியில கட்டினனான். அது பிறகு. முதல் நான் திண்டன். என்ன பழமடா அது! பாலைப்பழம் உனக்குத் தெரியுந்தானே, கனக்கத் திண்டா பால் ஒட்டி உதடு பிரிக்கேலாது. மரத்துக்கு அங்கால பக்கம் அதுவும் இருந்து திண்டிருக்கு. எனக்கு அதைத் தெரியேல்லை, அதுக்கு என்னைத் தெரியேல்லை. சரசரத்தது. காட்டுப் பண்டியாக்கும் எண்டு திரும்பினன். ஒரு சத்தம் போட்டிருந்தா அது ஓடியிருக்கும். போட வாய் திறபடேல்லை."

அத்தான் கதிரையை மாமா பக்கம் திருப்பினார்.

"நீ கேக்காட்டிலும் போயிருப்பன் மோனை. முதல் நாளும் போனனான். கொம்மாவுக்கும் சொல்லாமல்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் வாயைத் திறக்கேல்லை?"

"ஆசுப்பத்திரியால வரேக்கை சனம் கதையைக் கட்டி முடிச்சிட்டுது. பிள்ளைக்குப் பழம் புடுங்கப் போன தேப்பனாம். கேக்க நல்லாத்தான் இருந்தது. வளந்த ஆம்பிளை, மரத்துக்குக் கீழ ஒளிச்சிருந்து திண்டு அடி வாங்கினவன் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது? வெக்கமாக் கிடந்தது. நீ அதைக் காவிக்கொண்டு திரியிறாய் எண்டு எனக்குத் தெரியாது. இண்டைக்குத்தான் கண்டன். அந்த மனிசிக்குச் சொல்லு."

அத்தான் சொல்லவில்லை. வழிகாட்டி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டார். யாராவது சொல்லத்தானே வேண்டும். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: பழம் மகனுக்கு இல்லை. அவருக்கு விருப்பம். இருந்து தின்றார். வாய் நிறைய. கத்த முடியவில்லை. கரடியும் தின்றது. இவரும் தின்றார்.

அந்த மனிசி ஒரு கணம் விழித்தார். பிறகு மேசையில் தட்டிச் சிரித்தார். மாமாவும் சிரித்தார், கிழிந்த உதட்டோடு. நானும் சிரித்துவிட்டேன். அத்தான் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனார். வானின் கதவு அடிக்கும் சத்தம் கேட்டது.

அவருக்குப் பாரம் இறங்கியிருக்கும், சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தது பிழை. அத்தனை வருடமாக ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தவனுக்கு மூட்டையைத் திடீரென்று எடுத்தால் விழுந்துவிடுவோம் என்றுதான் இருக்கும். அதோடு, ஒரு கரடியும் செத்துக் கிடந்தது. தகப்பனுக்காகச் சுட்ட கரடி. தகப்பனுக்கோ அது தேவைப்படவே இல்லை.

மறுநாள் திரும்பி வரும்போது அத்தான் கதைக்கவில்லை. தோல் வேண்டாம் என்று வழிகாட்டியிடமே விட்டுவிட்டார். மாமா துவாயைக் கட்டியிருந்தார். பின்னால் இருந்து ஒரு சரசரப்பும் இல்லை; பை இரண்டும் காலி.

ஓரிடத்தில் வீதியோரம் மேசை போட்டு, கூடை கூடையாக அவுரி நிறத்தில் சின்னப் பழங்கள் விற்றார்கள். புளூபெரி. அந்தக் காட்டுப் பாறைகளில் காய்ப்பது; கரடிகளும் அதைத்தான் தின்னுமாம். அத்தான் பிறேக் போட்டார். இறங்கிப் போய் ஒரு பெரிய கூடை வாங்கி வந்து, பின்கதவைத் திறந்து மாமாவின் மடியில் வைத்தார்.

"இந்தாங்கோ. தின்னுங்கோ."

மாமா கூடையைப் பார்த்தார். "உனக்கு?"

"எனக்கு வேண்டாம். எனக்கெண்டு சொல்லித்தானே முந்தியும் திண்டனீங்கள். இப்ப உங்களுக்கெண்டே தின்னுங்கோ. வாய் நிறையப் போட்டுக்கொண்டு தின்னுங்கோ."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடிய முதலே வாயோரம் சிரிப்பு வந்துவிட்டது. மாமா துவாயை அவிழ்த்து வைத்துவிட்டு, கை நிறைய அள்ளினார். பாரி நகரம் வரைக்கும் தின்றார். அங்கே பெற்றோல் அடித்தபோது கூடையில் பாதி இல்லை. மிச்சத்தை முன்னுக்கு நீட்டினார். அத்தான் வீதியைப் பார்த்தபடி ஒரு கையால் எடுத்து எடுத்துச் சாப்பிட்டார்.

வீட்டில் மனைவி மாமாவின் ஊதா நாக்கைக் கண்டுதான் முதலில் சத்தம் போட்டாள். பிறகு நாங்கள் இறைச்சி கொண்டு வந்த குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். "உந்தக் கரடியை என்ர சட்டிக்க வைக்க விடமாட்டன்" என்றாள். அதை அத்தானே அஜக்ஸுக்குக் கொண்டு போனார்.

துவாயை மாமா முழுதாக விட்டுவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். விடவில்லை. வெளியே போகும்போது கட்டிக்கொண்டுதான் போனார். ஆனால் வீட்டுக்குள் கட்டவில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்க்காமல் எங்கள் பக்கம் திரும்பி இருந்தார். அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். பழப்பாகு வைத்த டோனட் ஒன்றைத் தங்கைக்குத் தெரியாமல் கொண்டு வருவார். "பழுதோ எண்டு பாருங்கோ ஐயா" என்பார். "நல்லாத்தான் கிடக்கு" என்று அறைக்குள்ளிருந்து பதில் வரும்.

கல்வெட்டு எழுதியவர் கரடிக் கதையை எப்படிப் போடுவது என்று கேட்டபோது நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "சனத்துக்குத் தெரிஞ்ச மாதிரியே போடுங்கோ" என்றார். மகனுக்குப் பழம் பறிக்கச் சென்று கரடியோடு போராடி மீண்டவர் என்று அச்சாகியது. முன்பு அந்தக் கதை அவர் சுமந்தது. இந்த முறை அவர் தகப்பனுக்குக் கொடுத்தது.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு மாமாவுக்கு விருப்பமானவற்றை எல்லாம் இலையில் வைத்தோம். அத்தான் கடைசியாக வந்து, குளிரில் உறைந்த புளூபெரி ஒரு கிண்ணமும் ஒரு டோனட்டும் வைத்தார்.

"உதென்ன டோனட்டோ?" என்றார் ஒரு அன்ரி. "ஐயாவுக்குச் சீனி வருத்தமெல்லோ."

"இனி என்ன அன்ரி செய்யப்போகுது?" என்றார் அத்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். நான் கதிரை அடுக்குகிற இடத்தில் நின்றேன். அந்த டோனட்டை நான்தான் விடியப் பேக்கரியில் எடுத்து வைத்திருந்தேன். பழசில்லை, அன்றைக்குச் சுட்டது.

மல்வேர்ன், 1999 மாசி 21, ஞாயிற்றுக்கிழமை.